நாய்க்கு எண்ணெய் ஓவியம் செய்வித்தோம்: கொடுத்த காசுக்குப் பெறுமதியா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படம் நன்றாக வந்திருக்கிறது, காசு வீண்போகவில்லை, ஆனால் இன்றைக்குச் சொல்லி அடுத்த கிழமை பிறந்தநாளுக்குக் கையில் வேண்டும் என்று நிற்பவர்களுக்கு இது சரிவராது. மட்டக்களப்பில் வீட்டு நாய் பூனைக்கெல்லாம் எண்ணெய்ச் சாயத்தில் படம் கீறித் தருவார்களா, எவ்வளவு முடியும், போட்டோவை அச்சடித்துத் தந்து ஏமாற்றுவார்களா என்று படத்தைப் பார்த்துவிட்டுக் கன பேர் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட்டுக் களைத்துவிட்டேன், அதனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக எழுதுகிறேன்.

ஓடர் என்னுடையது இல்லை, அக்காவுடையது. அவர் கனடாவில் ஸ்காபுறோவில் இருக்கிறார். போவதற்கு முன்பு குட்டியாகத் தூக்கி வந்து வளர்த்தது கறுவலை. கறுவல் என்றால் பெயருக்கேற்ற சுத்தக் கறுப்பு நாட்டு நாய், இப்போது வாயைச் சுற்றி நரைத்துவிட்டது, ஒரு காது ஏதோ சண்டையில் கிழிந்தது. வயதான நாயை விமானத்தில் ஏற்றிக் கனடாவுக்குக் கொண்டுபோகிற கதையெல்லாம் நடக்காது என்று அக்காவுக்குத் தெரியும், ஆகவே படமாவது வேண்டும் என்றார். போட்டோ அனுப்பினால் கீறித் தருகிற ஆட்கள் அங்கேயும் இருக்கிறார்கள், இணையத்தில் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள், ஆனால் "நாயை நேரில பார்த்த ஆள்தான் கீறவேணும்" என்பது அவருடைய ஒரே நிபந்தனை. இங்கே இருப்பது நான், அலைந்ததும் நான்.

கல்லடியில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிற ஊரில் ஓவியருக்கா பஞ்சம் என்று நினைத்துத்தான் இறங்கினேன். பஞ்சம் இல்லைதான். நன்றாகக் கீறுகிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் அக்ரிலிக், இல்லாவிட்டால் சுவர் ஓவியம், கோயில் வேலை, இல்லாவிட்டால் கணினியில் செய்வது. எண்ணெய்ச் சாயம் என்றதும் "அது கன நாள் எடுக்கும் அண்ணன், அக்ரிலிக்கில செய்து தரட்டா" என்பார்கள். அக்ரிலிக் மட்டமானது என்று நான் சொல்ல வரவில்லை. அதில் உள்ள நீர் ஆவியானதும் சாயம் காய்ந்துவிடும், ஒரு மணித்தியாலத்தில் அடுத்த பூச்சுப் போடலாம், இந்த வெக்கைக்கு இன்னும் கெதியாகக் காயும். கெதியாகக் காய்வதால்தான் மயிரின் மென்மையைக் கொண்டுவருவது அதில் சிரமம் என்று பிறகு எங்கள் ஓவியர் விளங்கப்படுத்தினார்.

நடுவில் ஒரு அச்சுக் கடையில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது, பெயர் வேண்டாம். கண்ணாடி அலுமாரிக்குள் "ஒயில் பெயின்டிங்" என்று எழுதி அழகான ஒரு பூனைப் படம் வைத்திருந்தார்கள், விலையும் பரவாயில்லை, இரண்டே நாளில் தருவார்களாம். இரண்டு நாளில் எண்ணெய்ச் சாயம் எப்படிக் காயும் என்று கேட்டேன், பொடியன் முழித்தான். கையில் வாங்கிப் பார்த்தால் போட்டோவைப் போனில் ஓவியம் மாதிரி மாற்றி, கன்வஸ் துணியில் அச்சடித்து, மேலே நிறமில்லாத பசையைப் பெயின்ட் பிரஸ்ஸால் இழுத்துவிட்டிருக்கிறார்கள். கண்டுபிடிப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. படத்தைச் சரித்து வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். உண்மையான ஓவியத்தில் பிரஸ் போன தடம் உருவத்தோடு சேர்ந்து வளையும், மூக்கில் ஒரு மாதிரி, காது மயிரில் வேறு மாதிரி. இதில் பூனையின் கண்ணுக்கு மேலாலும் சுவருக்கு மேலாலும் ஒரே தடம் நேராக ஓடுகிறது. பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் சுலபம், அச்சு என்றால் புள்ளி புள்ளியாகத் தெரியும். அச்சுப் படம் வேண்டும் என்று வாங்குவதில் பிழை இல்லை, அதை அச்சு என்று சொல்லி விற்க வேண்டும், அவ்வளவுதான். நான் ஒன்றும் பேசாமல் வெளியே வந்துவிட்டேன்.

கொழும்புக்குப் போகலாமா என்றும் யோசித்தோம். அங்கே கிறீன் பாத் ஓரத்தில் ஓவியங்களை வரிசையாக அடுக்கி வைத்து விற்பதைப் பார்த்திருப்பீர்கள், 1993இலிருந்து கலா பொல என்ற ஓவியச் சந்தை நடப்பதும் அந்த வீதியில்தான். ஆனால் கறுவலைக் கொழும்புக்கு யார் கொண்டுபோவது? நாயை நேரில் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு அந்த யோசனை முடிந்தது.

கடைசியில் கிடைத்தவர் கல்லடிப் பக்கம் வீட்டிலேயே வேலை செய்கிற ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர். பெயர்ப்பலகை இல்லை, பேஸ்புக் பக்கம் இல்லை. பெயரைப் போட வேண்டாம் என்றார், இருக்கிற ஓடரே தலைக்கு மேலாம். நான் "சேர்" என்றே எழுதுகிறேன். போனில் இருந்த படங்களைக் காட்டியதும் அவர் விலை சொல்லவில்லை. "நாய் எங்க இரிக்கி?" என்றுதான் கேட்டார். மறுநாள் பின்னேரம் சைக்கிளில் வீட்டுக்கு வந்து, முன் படியில் இருந்து, அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, கறுவலைக் கூப்பிடாமல் தடவாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். கறுவல் முதலில் குரைத்தது, பிறகு மோட்டர்சைக்கிளுக்குப் பின்னால் போய் ஒளித்தது, பிறகு பிஸ்கட் வாசத்துக்கு மெல்ல வந்தது. அவர் கொப்பியில் என்னென்னவோ கிறுக்கினார். தலையை எந்தப் பக்கம் சரிக்கும், கோபம் வந்தால் எந்தக் காது எழும்பும், யார் வந்தால் வாலாட்டும் என்று அம்மாவிடம்தான் கேள்வி, என்னிடம் இல்லை. இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பின்னேரம்தான். இணையத்தில் ஓடர் எடுக்கிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதைச் செய்ய முடியாது.

நேரில் பார்த்தாலும் போட்டோவும் வேண்டும், நாய் மாதக்கணக்கில் ஆடாமல் இருக்காது. போட்டோ எடுப்பது பற்றி அவர் சொன்னவை வெளிநாட்டில் இருந்து ஓடர் கொடுக்கிறவர்களுக்கும் உதவும். நின்றுகொண்டு மேலிருந்து எடுக்காதீர்கள், நாயின் கண் மட்டத்துக்குக் குந்துங்கள். மூக்குக்குக் கிட்டப் போனைக் கொண்டுபோனால் மூக்கு பெருத்துக் காது சிறுத்துவிடும், அந்தப் பிழை அப்படியே படத்திலும் வரும், அதனால் கொஞ்சம் தள்ளி நின்று சூம் பண்ணுங்கள். பிளாஷ் கூடவே கூடாது, நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி எறிகிற படலம் ஒன்று இருப்பதால் கண் பச்சையாக எரியும், கண்ணின் உண்மையான நிறம் தெரியாது. உச்சி வெயிலும் வேண்டாம், காலை வெளிச்சத்தில் மர நிழல் நல்லது. கறுப்பு நாயை எடுக்கும்போது இன்னொரு வில்லங்கம், போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் கறுப்பைச் சாம்பலாக்கிவிடும், முகத்தில் விரலை வைத்து வெளிச்சத்தைக் குறைத்து எடுக்க வேண்டும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் நசிந்துவிடும், டொக்கியுமென்ட் என்று போட்டு அனுப்புங்கள். செத்துப்போன நாய்க்குப் படம் கீறக் கேட்டு வருகிறவர்கள்தான் கூடவாம், அவர்களிடம் பெரும்பாலும் கல்யாண வீட்டு வீடியோவின் மூலையில் ஓடுகிற நாய்தான் இருக்குமாம். அதிலிருந்து உருவம் எடுக்க ஏலாது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். அது எனக்கு நேர்மையாகப் பட்டது.

விலைக்கு வருவோம். 16க்கு 20 அங்குலக் கன்வஸ், தலையும் நெஞ்சும் முன்கால்களும், ஒரு மிருகம், பின்னணியோடு 28,000 ரூபா. பாதி முற்பணம், மீதி படத்தைக் கண்ட பிறகு. சுவரில் மாட்டுகிற சட்டம், அதாவது பிரேம், இதில் அடங்காது. கூட என்று நினைப்பவர்கள் ஒருமுறை நல்ல எண்ணெய்ச் சாயக் குழாய்களின் விலையை விசாரித்துப் பாருங்கள், எல்லாம் இறக்குமதி, சுண்டு விரல் அளவு குழாய்க்கே மனம் பதறும். சாயத்துக்கு மேல் ஆளிவிதை எண்ணெய், டர்பன்டைன், கன்வஸ், அதற்கும் மேல் அந்த மனிதரின் பல கிழமை. பேசின விலையை அவர் கடைசிவரை மாற்றவில்லை, இத்தனைக்கும் நடுவில் நாங்கள் கொடுத்த தொல்லை கொஞ்சம் இல்லை.

தொல்லை வந்தது பின்னணியில்தான். முதலில் கரித்துண்டில் கீறின மாதிரியை அனுப்பினார். கறுவல் அச்சொட்டு. ஆனால் பின்னால் கல்லடிப் பாலம், வாவி, சூரியன் மறைகிறது, ஒரு தோணி வேறு! எங்கள் கறுவல் பாலத்தைக் கண்டதே இல்லை, வளவு வாசலைத் தாண்டினால் திரும்பி ஓடிவருகிற பயந்தாங்கொள்ளி. வெளிநாட்டு ஓடர் என்றால் பாலம் கேட்பார்கள் என்று அவரே முடிவுகட்டியிருக்கிறார். அக்காவுக்கு வேண்டியது வீட்டு முற்றத்து மணலும், அது படுக்கிற சாக்கும். கொஞ்சம் முகம் சுளித்தார், பிறகு மாற்றினார். மாற்றம் ஏதும் இருந்தால் இந்தக் கட்டத்தில் சொல்லிவிட வேண்டும், சாயம் ஏறின பிறகு சொன்னால் தனிக் காசு என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார், அதுவும் நியாயம்தான்.

சாயம் போடுகிற காலத்தில் போய்ப் பார்க்க விட்டார், அது ஒரு படிப்பு. கறுப்பு நாயைக் கீறுகிறவர் கறுப்புச் சாயத்தைத் திறக்கவே இல்லை. குழாய்க் கறுப்பை அப்படியே பூசினால் கன்வஸில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்குமாம். அல்ட்ராமரைன் நீலத்தையும் பேர்ன்ட் அம்பர் என்ற கபில நிறத்தையும் குழைத்துத்தான் கறுப்பு எடுத்தார், நீலத்தைக் கூட்டினால் முதுகில் வானம் படுகிற குளிர்ச்சி, கபிலத்தைக் கூட்டினால் வெயிலில் மயிர் நுனி செம்பட்டையாகத் தெரிகிற சூடு. இவ்வளவு காலம் அந்த நாயோடு ஒரே வீட்டில் இருக்கிறேன், அதன் முதுகில் நீலம் இருப்பதை அவர் காட்டித்தான் பார்த்தேன். பேர்ன்ட் அம்பரில் மங்கனீசு இருப்பதால் அது கெதியாகக் காயும், ஐவரி பிளக் போன்ற கறுப்புகள் காயப் பஞ்சிப்படும், அந்தக் கணக்கும் இதற்குள் இருக்கிறதாம். கீழ்ப் பூச்சில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போக எண்ணெய் கூட. மாறிப் போட்டால் மேலே முதலில் காய்ந்து, கீழே பிறகு இறுகி, காலப்போக்கில் வெடிக்கும். 1434இல் யான் வான் ஐக் கீறின ஆர்னொல்ஃபினி தம்பதி ஓவியத்தைப் போனில் பெரிதாக்கி, அவர்களின் காலடியில் நிற்கிற சின்ன நாயைக் காட்டினார். மயிர் ஒவ்வொன்றாக எண்ணலாம், கிட்டத்தட்ட 600 வருடம் ஆகியும் அப்படியே இருக்கிறது. "அவனும் எண்ணெயிலதான் கீறினான் தம்பி, எனக்கு ஏன் அவசரப்படுத்துறீங்க" என்று முடித்தார். தந்திரமான மனிதர்.

ஏனென்றால் அந்த நேரம் நான் அவசரப்படுத்திக்கொண்டுதான் இருந்தேன். மாரி முடிந்து மாசியில் கொடுத்த ஓடர், சித்திரை வருசத்துக்கு முன்பு தருவதாகச் சொன்னார், கையில் கிடைத்தது மாமாங்கக் கோயிலில் ஆடி அமாவாசைத் திருவிழாவுக்குக் கொடி ஏறின கையோடு. எண்ணெய்ச் சாயம் நீர் வற்றிக் காய்வதில்லை, காற்றில் உள்ள ஒட்சிசனோடு சேர்ந்து இறுகுகிறது, மெல்லிய பூச்சுக்கே பல நாள் வேண்டும், காற்றில் ஈரம் கூடினால் இன்னும் இழுக்கும் என்பதெல்லாம் எனக்கு இப்போது பாடம். அந்தத் தாமதத்தை நான் குறை சொல்ல மாட்டேன். குறை சொல்வது போனைப் பற்றி. எடுக்க மாட்டார். வட்ஸ்அப்பில் இரண்டு நீலக்கோடு விழும், பதில் வராது. "மறுகா சொல்றன்" என்று ஒரு வரி வந்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். அக்கா அங்கிருந்து என்னைத் தின்கிறார், நான் இங்கே அவருடைய கேற்றைத் தட்டுகிறேன். காசு பாதி வாங்கின ஆள், "இன்னும் ஒரு மாதம் போகும்" என்று ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? இந்த ஒன்றுக்காகவே புள்ளி குறைக்கிறேன்.

கச்சான் காற்றும் தன் பங்குக்கு விளையாடியது. அது கிளம்பினால் ஈரச் சாயத்தில் மணல் ஒட்டும், இடது பக்கக் கீழ் மூலையில் தடவினால் நறநறவென்று இருக்கிறது. அவரே காட்டி, "வேணுமெண்டா சுரண்டிப் பூசித் தாறன்" என்றார். முற்றத்து மணலைக் கீறின இடத்தில் உண்மையான கல்லடி மணல் ஒட்டியிருக்கிறது, அக்கா அதை எடுக்க வேண்டாம் என்றுவிட்டார்.

படம் எப்படி? கண்ணுக்கு நூற்றுக்கு நூறு கொடுப்பேன். ஒரு கண்ணில் லேசாகப் பூ விழத் தொடங்கியிருப்பதைக்கூட விடாமல் பிடித்திருக்கிறார், அழகாக்குகிறேன் என்று நரையை மறைக்கவில்லை, கிழிந்த காது கிழிந்தபடியே இருக்கிறது. நெஞ்சு மயிர் பக்கத்தில் நின்று பார்த்தால் வெறும் நாலைந்து இழுப்பு, தள்ளி நின்றால் அடர்த்தி. முன்கால்கள்தான் சுமார். பாதம் கொஞ்சம் பெரிது, விரல்கள் தெளிவில்லை, சாக்கும் அவசரத்தில் முடித்த மாதிரி இருக்கிறது. பாலத்தை நாங்கள் வெட்டின கோபத்தைச் சாக்கில் தீர்த்தாரோ என்று அம்மா சொல்கிறார்.

வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் இந்தப் பந்தியைக் கவனியுங்கள். கன்வஸை இழுத்து அடித்திருக்கிற மரச் சட்டகத்தோடு பெட்டி கட்டி அனுப்பினால் பெட்டியின் கனத்துக்கே காசு போய்விடும். சேர் கன்வஸைச் சட்டகத்திலிருந்து கழற்றி, ஒட்டாத கடதாசி விரித்து, சாயம் வெளிப்பக்கம் வரும்படி சுருட்டினார். நாங்கள் எல்லாரும் உள்பக்கமாகச் சுருட்டினால்தான் பாதுகாப்பு என்று நினைப்போம், அப்படிச் செய்தால் சாயம் நசிந்து மடியும், வெளியே இருந்தால் கொஞ்சம் இழுபடும், விரித்ததும் சரியாகிவிடும். குழாயும் எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது. ஹார்ட்வெயாரில் 6 அங்குல எஸ்லோன் பிளாஸ்டிக் பைப் துண்டொன்று வெட்டி, இரண்டு பக்கமும் மூடி போட்டுக் கொடுத்தோம், திருவிழாவுக்கு வந்திருந்த மாமி கொண்டுபோனார். விமான நிலையத்தில் அதைத் திறந்து காட்டச் சொன்னார்களாம், உள்ளே நாய் என்றதும் சிரித்து விட்டுவிட்டார்களாம். ஓரத்தில் சுற்றிவர இரண்டு அங்குலமாவது வெறும் கன்வஸ் விடச் சொல்லி முதலிலேயே கேட்டு வையுங்கள், இல்லாவிட்டால் அங்கே திரும்ப இழுத்து ஆணி அடிக்க இடம் இருக்காது. அங்கே சட்டகத்தில் இழுத்துப் பிரேம் போட்ட செலவு இங்கே கீறின செலவைத் தாண்டிவிட்டது, அதையும் கணக்கில் வையுங்கள்.

வார்னிஷ் அவர் பூசித் தரவில்லை, அதைக் குறையாக எடுக்காதீர்கள். வழக்கமாக ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் விட்டுத்தான் கடைசி வார்னிஷ், உடனே பூசித் தருகிறேன் என்கிற ஆள்தான் சந்தேகம். ஊரிலேயே மாட்டுகிறவர்கள் மழை ஊறுகிற வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், சட்டத்தின் கீழ் மூலைகளுக்குப் பின்னால் சின்னக் கட்டை வைத்தால் காற்றோட்டம் இருக்கும், பூஞ்சணம் பிடிக்காது. நேர் வெயில் கூடாது, அதற்காக அலுமாரிக்குள் பூட்டினாலும் எண்ணெய் மஞ்சளாகும், திரும்ப வெளிச்சத்துக்கு வந்தால் ஓரளவு தெளியும். பல்லிதான் இங்கே பெரிய எதிரி. எண்ணெய் ஓவியத்துக்குக் கண்ணாடி போடுவது வழக்கமில்லை என்று சேர் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அப்ப பல்லி பீச்சினா?" அதற்கு அவரிடமும் பதில் இல்லை.

அம்மா அதைக் கேட்டது சும்மா இல்லை. படம் கனடாவுக்குப் போகிற அன்றைக்கு, இதை இங்கேயே வைப்போம், அவளுக்கு வேறு ஒன்று கீறுவோம் என்று ஆரம்பித்துவிட்டார். ஆகவே இரண்டாவது ஓடரும் கொடுத்தாயிற்று, 10க்கு 12, முகம் மட்டும். அதே படத்தைப் பார்த்து இன்னொன்று கீறச் சொன்னதற்கு முடியாது என்றார், போட்டோக்கொப்பி எடுக்கிற வேலை தனக்கு வராதாம், கறுவல் நித்திரை கொள்கிற மாதிரிதான் கீறுவாராம். சரி என்றோம். முற்பணம் வாங்கிவிட்டார், மழைக்கு முதல் தொடங்க மாட்டாராம், மாரியில் காயாதாம், தை பிறக்கட்டும் என்கிறார். அம்மாவுக்குச் சம்மதம், எனக்கு அவருடைய போன்தான் பயம்.

பத்துக்கு எட்டு. விலாசம் வேண்டியவர்கள் தனியாகக் கேளுங்கள், பொதுவில் போட மாட்டேன். போனில் பிடிக்க மினக்கெடாமல் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு நேரில் போங்கள், படங்களைப் போனில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், அளவையும் பின்னணியையும் வீட்டில் சண்டை பிடித்து முடித்துவிட்டுப் போங்கள். நாயைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், அவர் வீட்டில் ஒரு வெள்ளைப் பூனை இருக்கிறது, அது கன்வஸை நிறுத்திக் கீறுகிற மரத் தாங்கிக்கு அடியில்தான் படுக்கும்.